கார் பார்க்கிங்கில் நடந்த காதுகுத்து

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க மொதல்ல. ஓடுற வேன்ல எந்திரிச்சு நின்னு ஆளுக்கு ஒண்ணு பேசுனா, ஒரு பிரேக்குக்கு அம்புட்டுப் பேரும் டிரைவர் முதுகுல போய் விழுவீக. பேச்சை நிறுத்துங்க. கரூர் அத்தை கேட்டது என்கிட்ட. பதிலை நான்தான் சொல்லணும். நீங்க சொன்னா அதுல ஒண்ணுக்கு நாலு சேத்துருவீக.

டிரைவரே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் கொறைங்க. ஆங், போதும்.

அத்தை என்ன கேட்டாக? "ஏனுங் மாப்ள, உங்களுக்குத்தான் சொந்தமா கார் இருக்குதுங்களே, நீங்க எதுக்குங் எங்ககூட வேன்ல நசுங்கிட்டு வர்றீங்க?" சரியா பேசிக் காட்டுனேனா? சிரிக்காதீங்க அத்தை. என் சோலியே அதுதான். சோழவந்தான் தேங்காய் மண்டியில வந்து மொக்கராசுன்னு கேட்டீகன்னா, எந்த மொக்கராசு, எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுவாரே அவரான்னுதான் கேப்பாக. இந்த வேன்ல நான் பேசிக் காட்ட முடியாத ஆளு ஒரே ஆளு. நம்ம டிரைவரு. வத்தலக்குண்டுல ஏறுனதுல இருந்து நானும் காதைத் தீட்டிக்கிட்டு வாறேன். "டீ சாப்பிடுறீகளா"ன்னேன், தலையை ஆட்டுனாரு. "ஏசி இருக்கா"ன்னேன், சுவிச்சைத் தட்டுனாரு. வாயில என்ன கொழுக்கட்டையான்னு தெரியல. சரக்கு இல்லாம நான் என்னத்தை வச்சு யாவாரம் பண்றது.

சரி, காருக்கு வாறேன்.

அத்தை, கார்ங்கறது எனக்கு சும்மா வந்ததில்ல. தேங்காய் மூட்டையைத் தோள்ல தூக்குன காலத்துல இருந்து ஆசைப்பட்டு வாங்குனது. மாதுளம்பழக் கலரு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, பூசணிக்காய் உடைச்சு, மிளகாய் கட்டி, கண்ணு பட்டுறக் கூடாதுன்னு எல்லாம் பண்ணேன். கண்ணு ஒண்ணும் பண்ணல அத்தை. கதவுதான் பண்ணுச்சு. பார்க்கிங்ல நமக்குப் பக்கத்துல நிறுத்துறான் பாருங்க, அவன் வண்டிக் கதவு.

நம்ம சனம் கார் கதவைத் தொறக்கிறதை நீங்க கவனிச்சிருக்க மாட்டீக. நான் கவனிச்சிருக்கேன். ஒருத்தன் தொறக்கவே மாட்டான், வெடிக்க விடுவான். டொப். ஒரு அம்மா இருப்பாக, மடியில பை, பைக்கு மேல பிள்ளை, பிள்ளை கையில ஐஸ். எறங்கணும்னா முழங்காலால ஒரு தள்ளு. அது போய்ப் பக்கத்து வண்டியில டங்குன்னு இடிக்கும். இடிச்ச ஒடனே அந்தம்மா என்ன செய்யும்? தன் கதவைத் தடவிப் பாக்கும். "நல்லவேளை, நம்மளுதுல ஒண்ணும் ஆகலீங்க." டங்கு வாங்குனவன் எக்கேடு கெட்டா என்ன.

அப்படித்தான் வாங்கி ரெண்டாவது மாசம், மதுரையில ஒரு ஜவுளிக்கடைக்குக் கீழ நிறுத்திட்டு மேல போய்ட்டு வாறேன், இடது பக்கக் கதவுல ஒரு பள்ளம். பட்டாணி சைசு இருக்கும். என் வீட்டுக்காரி குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு "எங்க இருக்கு, எங்க இருக்கு"ங்கிறா. டிங்கரிங் கடையில கொண்டுபோய்க் காட்டுனா, அவன் கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "அண்ணே, இதை விடப் பெரிய பள்ளம் என் மூஞ்சியில இருக்கு, கெளம்புங்க"ங்கிறான். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

அதுக்கப்புறம்தான் யோசிச்சேன். படிக்காதவன்தான், ஆனா யோசிப்பேன். கார் பார்க்கிங்ல எந்த எடத்துல நிறுத்துனா அடி படாது? ஓரத்துல நிறுத்துனா உரசிக்கிட்டுத் திரும்புவான். மரத்தடியில நிறுத்துனா காக்கா. ஓட்டை வண்டி பக்கத்துல நிறுத்துனா அவனுக்கு எதுலயும் கவலை இல்ல, தொறந்து அடிப்பான். ஆக, விலை கூடுன வண்டி பாத்து அதுக்குப் பக்கத்துல நிறுத்தணும். அவன் தன் கதவுக்குப் பயந்து மெதுவாத் தொறப்பான். ரெண்டு விலை கூடுன வண்டிக்கு நடுவுல எடம் கெடச்சா, அது கர்ப்பக்கிரகம் மாதிரி. எப்படி யோசனை? கேட்டவுக எல்லாரும் அசந்து போனாக. ஏ சுகந்தி, நீ ஏன் ஜன்னல் பக்கம் திரும்புற?

இந்தா டிரைவருக்குப் பின்னாடி உக்காந்துருக்கே, இவதான் என் தங்கச்சி. இவளுக்கு நான் ஒரே அண்ணன். எங்கப்பா போய்ச் சேந்துட்டாரு. நாலு வருசத்துக்கு முன்னாடி அவ மூத்த பொண்ணு தன்ஷிகாவுக்கு மொட்டை எடுத்துக் காது குத்துறதுன்னு நாள் வச்சாக. மாப்ள வீட்டுக் குலசாமி, இப்ப நாம போறமே இதே கோயில்தான். அடிவாரத்துல இருக்குல்ல பெரிய பார்க்கிங், டோக்கன் போட்டு விடுவாகளே, அதே எடம்தான்.

தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். இது உங்களுக்கே தெரியும். வேற எவன் மடியும் ஆகாது. பொறந்த வீட்டுக்கு அன்னைக்கு அந்த மடிதான் கௌரவம். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள குத்தி முடிக்கணும்.

நான் வெள்ளனத்துலயே வந்துட்டேன். தட்டு, பழம், வெத்தலை, பட்டுப் பாவாடை, கம்மல், அம்புட்டையும் என் வீட்டுக்காரியோட கோயில் வாசல்ல எறக்கி விட்டுட்டு, வண்டியைப் போட்டுட்டு வாறேன்னு பார்க்கிங்குக்குப் போனேன். பாதி மைதானம் காலியாக் கெடந்துச்சு அத்தை. ஆனா நமக்கு வேண்டியது காலி எடம் இல்லையே. தேடுனேன். கெடச்சுச்சு. இங்கிட்டு ஒரு கறுப்பு வண்டி, யானைக்குட்டி மாதிரி. அங்கிட்டு ஒரு வெள்ளை வண்டி, அதுக்கு மேல. முன்னாடி செவரு. நடுவுல நமக்குன்னே அளந்து வச்ச மாதிரி ஒரு சந்து. ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்குனேன், மூச்சைப் புடிச்சேன், உள்ள சொருகுனேன். ஒரு உரசல் இல்ல.

அந்நேரம் ஒரு வேன் வந்துச்சு. மெதுவா எடம் தேடிக்கிட்டு ஊந்து வருது. வந்து என் பின்னாடி குறுக்க நின்னுருச்சு. எப்படி வந்து நின்னுச்சுங்கறது இப்ப எதுக்கு, நின்னுருச்சு. எனக்கும் அப்ப ஒரு விதத்துல மனசுக்கு இதமாத்தான் இருந்துச்சு. பின்னாடி இனி எவனும் ரிவர்ஸ்ல வந்து இடிக்க மாட்டான்ல.

அப்புறம் கதவைத் தொறந்தேன். ஒரு சாண் வந்துச்சு. அதுக்கு மேல வரல. வெள்ளை வண்டி தடுக்குது. அந்தப் பக்கக் கதவுக்குக் கறுப்பு வண்டி, அதுவும் அதே கதைதான். ஒல்லியான ஆளுன்னா வழுக்கி வெளிய வந்துருவான். என் வயித்தைப் பாருங்க. இது சின்ன வயசுல இருந்து உள்ள வயிறு, இதை நான் எங்க கழட்டி வைக்கிறது. எக்கிப் புடிச்சா வந்துருக்கலாம், இல்லைங்கல. ஆனா கதவு போய் அந்த வண்டியில நல்லா அழுந்தும். என் கதவு ஓரத்துல பெயிண்ட் போகும். அதுக்குத்தான சைக்கிள் டியூபை வெட்டி ஓரத்துல ஒட்டியிருக்கீகன்னு கேப்பீக. கேளுங்க. டியூபு தேஞ்சிரும்ல?

அப்படியே உள்ள உக்காந்துட்டேன்.

ஜன்னல் வழியா வரப் பாத்தேன். தலை வந்துச்சு, ஒரு கை வந்துச்சு, வயிறு கண்ணாடி ரப்பர்ல மாட்டுச்சு. ரப்பர் கிழிஞ்சா மழைத் தண்ணி எறங்கும். திரும்பி உள்ள போய்ட்டேன். பின்னால டிக்கி வழியாப் போகலாம்னா வேன் ஒட்டி நிக்குது, தொறக்காது. சரி, வேனைத் தள்ளச் சொல்லலாம்னு டோக்கன் போடுறவரைக் கூப்பிட்டேன். அவரு ஒரு விசில்காரரு. பேசுற பேச்சுல பாதி விசில்தான். "என்ன சார், பீப், உள்ளயே உக்காந்துருக்கீங்க, பீப், சாமி கும்பிடலையா?"

அத்தை, உங்க ஊர்ல எப்படியோ, நம்ம பக்கம் ஒரு முறை இருக்கு. எடம் இல்லாம அடுத்தவன் வண்டிக்குக் குறுக்க நிறுத்துனா, கியரைப் போடக் கூடாது, ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. நியூட்ரல்ல விட்டுட்டுப் போகணும். அவசரக்காரன் வந்தான்னா நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஒதுக்கிட்டுப் போயிருவான். அது ஒரு மரியாதை. படிச்சவன் படிக்காதவன் எல்லாரும் அதைச் செய்யிறான். இந்த வேன்காரன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? விசில்காரரு நாலு பேரைக் கூட்டிட்டு வந்து தள்ளுறாரு, அசையல. ஹேண்ட் பிரேக் போட்டுருக்கான். கியர்ல போட்டுருக்கான். பத்தாததுக்குச் சக்கரத்துக்கு அடியில கல்லு. இம்மாம் பெரிய கல்லு. மனசுன்னு ஒண்ணு இருக்கிறவன் அப்படி வைப்பானா? ஆளும் இல்ல. கோயில்ல எங்கயோ போய் உக்காந்துட்டான். நம்பர் கூட எழுதி வைக்கல.

இதுக்கு நடுவுல அந்த வெள்ளை வண்டிக்காரன் வந்தான். மல்லு வேட்டி, கையில சாவி, நெத்தியில விபூதி. வந்து அப்படியே என்னையப் பாத்துக்கிட்டு நிக்கிறான். அங்கிட்டு இன்னொரு வண்டி ஒட்டி நிக்குது, இங்கிட்டு நான், அவனால அவன் வண்டியில ஏற முடியல. நானும் விடுவனா? "நீ நிறுத்துன லட்சணத்துக்கு உனக்கே ஏற முடியல பாத்தியா"ன்னேன். "சார், நான் காலையில அஞ்சு மணிக்கு நிறுத்துனேன்"கிறான். எத்தனை மணிக்கு நிறுத்துனா என்ன, கோட்டைத் தாண்டி நாலு விரக்கடை நிக்குதுல்ல? அதுக்கு அவன் ரொம்பப் பெரிய மனுசன் மாதிரி, "பரவால்ல சார், நீங்க கதவை நல்லாத் தொறந்து எறங்குங்க. என் வண்டியில பட்டாப் பட்டுட்டுப் போகுது"ங்கிறான். அவனுக்குப் பரவால்ல. என் கதவுக்கு யாரு பதில் சொல்றது? பாத்தீகளா, தன் வண்டியை மட்டும் நெனைக்கிற ஆளை.

போன் அடிக்குது. இவதான். "அண்ணே, எங்க இருக்க?" எப்பவும் இவ குரல் ஒரு மாதிரி கீச்சுன்னு வரும், அன்னைக்கு அதுவும் இல்ல. "இந்தாம்மா, பார்க்கிங்லதான் இருக்கேன்." "மொட்டை எடுத்தாச்சுண்ணே. ஆசாரி ஊசியோட உக்காந்துருக்காரு. வாண்ணே." "வந்துக்கிட்டே இருக்கேன்." கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி. "அண்ணே, எங்க வந்துருக்க?" "பார்க்கிங்லதாம்மா."

பின்னால சம்பந்தியம்மா குரல் கேக்குது. சம்பந்தியம்மா கோவிச்சுக்கிறக் கூடாது, நீங்க பேசுனதைத்தான் பேசிக் காட்டுறேன். "எங்க அண்ணன் மகன் பால்சாமி இருக்கான். அவனும் மாமன் முறைதான். அவன் மடியில வச்சுக் குத்துங்க. மண்டியில தேங்கா உரிக்கிற ஆளுக்காக ராகு காலம் நிக்குமாக்கும்." பேசுனீகளா இல்லையா? பேசுனீக. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. ஆனா அதைக் கேட்டுட்டு இவ போன்ல ஒரு வார்த்தை பேசல அத்தை. மூச்சு மட்டும் வருது. எனக்கு அது இன்னமும் காதுல நிக்குது. பால்சாமி மடியில பிள்ளையை வச்சுட்டா, பொறந்த வீடு இல்லாதவளா ஆயிருவால்ல? அப்பனும் இல்ல. நானும் இல்ல. "சுகந்தி, கொஞ்சம் பொறு, வேன்காரனைத் தேடுறாக"ன்னேன். போனை வச்சுட்டா.

சரி, போச்சுன்னு நெனைச்சேன். ஸ்டியரிங்ல தலையை வச்சுட்டேன்.

கொஞ்ச நேரத்துல மேளம் கேக்குது. என்னடா, மேளச் சத்தம் கிட்ட வருதேன்னு நிமுந்து பாக்குறேன். பார்க்கிங் வாசல்ல இவ வாறா. இடுப்புல பிள்ளை, மொட்டைத் தலையில சந்தனம். பின்னாடி மாப்ள, மேளக்காரங்க, ஆசாரி, தட்டுக்காரப் பொம்பளைங்க, வீடியோக்காரன், மொத்தக் கூட்டமும் வரிசையா வருது. டோக்கன்காரரு விசில் ஊதி வழி விடுறாரு. வந்தவ என்னையத் திட்டல. கதவைப் பாத்தா, வெள்ளை வண்டியைப் பாத்தா, வேட்டிக்காரனைப் பாத்தா. இவதான் ஒல்லியாச்சே, ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஒருக்களிச்சு வந்தா. ஜன்னல் வழியாப் பிள்ளையை உள்ள குடுத்தா. "புடி"ன்னா. அம்புட்டுத்தான். புடிச்சேன். சீட்டைப் பின்னால தள்ளி மடியில வச்சுக்கிட்டேன்.

ஆசாரியும் நல்லவேளை, ஊசிக்குத் தக்க ஆளு. சந்துல நொழைஞ்சு வந்து ஜன்னல்ல குனிஞ்சாரு. வலது காதுல குத்துனாரு பாருங்க, பிள்ளை வீல்னு கத்தி ஒரு ஒதை விட்டா. நேரா ஹாரன்ல. பாம்ம்ம்ம்னு எடுத்துருச்சு. அதைக் கேட்டு மேளக்காரன் நிறுத்திட்டான், அவனுக்கு அந்தச் சுதி புடிபடல. திருப்பி உக்கார வச்சு இடது காது. மறுபடி ஒதை. இந்தத் தடவை ஏசி காத்து வர்ற ஓட்டை ஒடஞ்சுருச்சு. மொட்டைச் சந்தனம் மேல் கூரையில அப்புச்சு. அப்புறம் மடியில வச்ச பிள்ளை என்ன செய்யுமோ அதையும் செஞ்சுருச்சு, சீட்டு முழுக்க. இங்க இப்படின்னா வெளிய, தட்டு வச்சிருந்த பொம்பளைங்க கை வலிக்குதுன்னு பித்தளைத் தட்டு அம்புட்டையும் என் பேனட் மேல எறக்கி வச்சுட்டாக. வச்சது மட்டுமா, ஆரத்தித் தட்டுக்கு எடம் வேணும்னு இங்கிட்டும் அங்கிட்டும் நகட்டுறாக. கர்ர்ர். கர்ர்ர். பேனட்ல கோலம் போட்ட மாதிரி கீறலு. நான் உள்ள இருந்து "தூக்குங்க, தூக்குங்க"ங்கிறேன். "மாமன் என்னமோ சொல்றாரு, கொலவையைப் போடுங்கடி"ங்கிறாக.

அந்த வேட்டிக்காரன் வேற கிட்ட வந்து, பிள்ளை கையில நூறு ரூவாயை வச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போறான். என்ன மனுசன்.

பத்தரைக்கு முன்னாடி முடிஞ்சுருச்சு அத்தை. என் மடியிலதான் நடந்துச்சு. அதுல எனக்குக் கொறை இல்ல. ஆனா ஆல்பம் வந்துச்சு பாருங்க. அந்தப் படத்துல என் மூஞ்சி இல்ல. கார் கதவு இருக்கு, ஆசாரி முதுகு இருக்கு, ஜன்னல்ல பிள்ளை காலு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பெருசு பண்ணி சம்பந்தியம்மா வீட்டு நடுக்கூடத்துல மாட்டியிருக்காக. வர்றவுக எல்லாம் "இது யாரு மடி"ன்னு கேக்குறாக. இவுக "அது சீட்டு, மாமன் உள்ள இருக்காரு"ங்கிறாக. இவ வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டுக் கூட்டக்கூட அந்தப் பக்கம் போக மாட்டாளாம். மாப்ள சொன்னாரு.

இப்ப சின்னவனுக்குக் காதுகுத்து. போன மாசம் இவ வீட்டுக்கு வந்தா. உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னா. "அண்ணே, நீ வரணும். கார் வரக் கூடாது." அதான் அத்தை, கார் வீட்டுல இருக்கு, நான் வேன்ல வாறேன். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துருச்சா?

ஆனா ஒரு நியாயம் வேணும்ல. இவ நாலு வருசமா எங்கூட முன்ன மாதிரி பேசுறதில்ல. போன் பண்ணா மாப்ளகிட்டக் குடுத்துருவா. எதுக்கு? நான் என்ன பண்ணேன்? நான் வெள்ளனத்துலயே வந்தவன். ஒழுங்கா ரெண்டு வண்டிக்கு நடுவுல நிறுத்துனவன். யாரு கதவையும் இடிக்காதவன். எல்லாம் அந்த வேன்காரன் பண்ணது. நியூட்ரல்ல விட்டுட்டுப் போயிருந்தான்னா ஒரு நிமிசம், தள்ளிவிட்டுட்டு வண்டியை எடுத்துட்டு வெளிய வந்துருப்பேன், மண்டபத்துல சம்மணம் போட்டு உக்காந்து மடியில வச்சுருப்பேன், மூஞ்சி ஆல்பத்துல இருந்துருக்கும். பிரேக்கு, கியரு, கல்லு. அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா, அத்தை, நாலு பேரு முன்னாடி நிக்க வச்சு, "ஏம்ப்பா, அப்படி ஒரு எடஞ்சல் பண்ண உனக்கு எப்படி மனசு வந்துச்சு"ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்பு?

என்ன, ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீக?

சுகந்தி, நீ சொல்லு. "உன் மேல தப்பு இல்லண்ணே"ன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. சொல்லிட்டேன்னா நான் கோயில் வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேன்.

யாரது கனைக்கிறது? டிரைவரா? இந்தா பாருங்க அத்தை, வாயில கொழுக்கட்டை கரைஞ்சுருச்சு. எல்லாரும் பேசாம இருங்க, டிரைவரு பேசப் போறாரு. சொல்லுங்க டிரைவரே. நீங்க வாரா வாரம் இந்தக் கோயிலுக்கு ஓட்டுற ஆளு, எத்தனை பார்க்கிங் பாத்துருப்பீக. நீங்க சொன்னா இவ கேப்பா. சும்மா தைரியமாச் சொல்லுங்க.

"கோயில் வந்துருச்சுண்ணே. அன்னைக்கு ஜன்னல்ல கையைத் தட்டி, 'இந்தாப்பா, என் பின்னாடி குறுக்கப் போடு, எவனும் இடிச்சிரக் கூடாது'ன்னு என்னையக் கூப்பிட்டதும் நீங்கதான். 'உருண்டு வந்து என் கார்ல முட்டிரும், பிரேக்கைப் போட்டு, கியரைப் போட்டு, கல்லையும் வச்சுட்டுப் போ'ன்னு சொன்னதும் நீங்கதான். இன்னைக்கு இதை எங்க போடட்டும்?"